சீட்டு விழுந்த பக்கம்

என் வீட்டுக்காரருக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்வதற்கு முன்னால் ஆஸ்பத்திரியில் ஒரு சீட்டுக் குலுக்கினார்கள். அவர்கள் அதை ஆராய்ச்சி என்றார்கள். அவர் அதைத் திருவுளச் சீட்டு என்று எடுத்துக்கொண்டார். நடுவில் அகப்பட்டு முழித்தவள் நான்.

ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அவர்கள் மேல் தப்பு எதுவும் இல்லை. தப்பு இருந்திருந்தால் பெயர், தெரு, வாசலில் நிற்கிற வாட்ச்மேன் வரைக்கும் சொல்லியிருப்பேன். என் சுபாவம் அப்படி.

அவர் திரேஸ்புரத்திலிருந்து சங்கு குளிக்கப் போகிறவர். சின்ன வயதில் மூச்சடக்கியே குளித்தவர், பிறகு சிலிண்டர் கட்டிக்கொண்டு இறங்கினார். நான் துறைமுகத்தில் ஒரு ஷிப்பிங் ஆபீஸில் கண்டெய்னர்களுக்குக் காகித வேலை பார்க்கிறேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. இரண்டு பேருக்கும் பொதுவாகப் பேசுவதற்கு அதிகம் கிடையாது, ஆனால் சண்டை போட நிறைய இருந்தது, அதனால் பொழுது நன்றாகவே போயிற்று.

ஒரு நாள் சங்கு மூட்டையைத் தூக்கி வண்டியில் வைத்தவர், அப்படியே மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். வேர்த்துக் கொட்டியது. ஆஞ்சியோ பார்த்ததில் மூன்று இடத்தில் அடைப்பு. பைபாஸ்தான் வழி என்றார்கள். அறுவை சிகிச்சை செய்கிற டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இதயத்தப் பத்தி எனக்குக் கவலை இல்லம்மா. நுரையீரலப் பத்தித்தான் கவலை. பீடியும் கடலும் சேந்து அதைக் கெடுத்து வச்சிருக்கு. ஆபரேஷன் முடிஞ்சு சளி கட்டிக்கிட்டா நிமோனியால கொண்டுபோய் விட்டுரும்" என்றார். நான் வந்து இவரிடம் சொன்னேன். "மூச்சப் பத்தி எனக்கா சொல்லுதாரு?" என்று கேட்டார்.

அவருடைய மூச்சு எப்பேர்ப்பட்டது என்பது எக்ஸ்ரே அறையிலேயே தெரிந்துவிட்டது. மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்ன பையன் படத்தை எடுத்தான். அதற்குள் அவனுக்கு ஒரு போன் வர, பேசிக்கொண்டே பக்கத்து அறைக்குப் போய்விட்டான். விடச் சொல்ல மறந்து போனான். திரும்பி வந்தபோது இவர் அதே இடத்தில், அதே மாதிரி, கண் மட்டும் சிவந்து நின்றுகொண்டிருந்தார். பையன் பயந்துபோய் நர்ஸைக் கூப்பிட்டான். ஏன் விடவில்லை என்று கேட்டதற்கு, "விடச் சொல்லலியே" என்றார். பெருமையாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அதுதான் காரணம்.

ஆராய்ச்சிக்கு ஆள் சேர்க்க ஒரு பெண் வந்தாள். ஆதிச்சநல்லூர்ப் பக்கத்துப் பிள்ளை. ஊரைக் கேட்டதும் இவர், "செத்தவங்களத் தாழியில வச்சுப் பொதைப்பாங்களே, அந்த ஊரா?" என்று கேட்டார். ஆபரேஷனுக்கு வந்த மனுஷன் கேட்கிற கேள்வியா அது. "அது அந்தக் காலம் அண்ணாச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டு அந்தப் பிள்ளை வேலையைப் பார்த்தாள்.

அவள் சொன்னது இதுதான். ஆபரேஷனுக்கு முன்னாலேயே வீட்டில் மூச்சுப் பயிற்சி செய்து நுரையீரலைப் பழக்கினால், ஆபரேஷனுக்குப் பின் சளி கட்டுவது குறையுமா என்று பார்க்கிறார்கள். பாதிப் பேருக்கு மூன்று பந்து வைத்த ஒரு பிளாஸ்டிக் கருவியைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவார்கள். அதன் குழாயில் வாய் வைத்து மூச்சை உள்ளே இழுத்தால் பந்துகள் மேலே ஏறும். மீதிப் பேருக்கு எப்போதும் உள்ள கவனிப்பு மட்டும். யாருக்கு எது என்று கம்ப்யூட்டர் குலுக்கிச் சொல்லும். ஆபரேஷன் முடிந்துவிட்டால் பிறகு இரண்டு பக்கத்துக்கும் ஒரே வைத்தியம், எல்லாருக்கும் அந்தக் கருவி உண்டு. பிடிக்கவில்லை என்றால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். இதையெல்லாம் அவள் தெளிவாகத்தான் சொன்னாள். திருப்பியும் சொன்னாள். நானே சாட்சி.

இவர் காதில் விழுந்தது குலுக்கல் மட்டும்தான்.

"யாரு குலுக்குவா?"

"கம்ப்யூட்டர் அண்ணாச்சி."

"அதுக்குச் சொல்லிக் குடுக்கிற ஆளு இந்த ஆஸ்பத்திரியில இருக்காங்களா?"

"இல்ல. பெரிய டாக்டரே நெனச்சாலும் மாத்த முடியாது. எனக்கும் முன்னாடியே தெரியாது."

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏளா, இவ்வளவு நேர்மையா இந்தக் கட்டடத்துல இப்பத்தான் ஒரு பேச்சு கேக்கேன்" என்று சொல்லி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

எங்கள் ஆட்களைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். பேசித் தீராத எதையும் நாங்கள் சீட்டுப் போட்டுத் தீர்ப்போம். கரைவலை இழுக்க யாருக்கு எந்த இடம், திருவிழாவில் எந்த நாள் எந்தக் குடும்பம் சப்பரம் தூக்குவது, சொத்தில் எந்தப் பங்கு யாருக்கு, எல்லாமே மாதா படத்துக்கு முன்னால் ஒரு அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லிவிட்டுக் குலுக்கி எடுப்பது. எடுத்துவிட்டால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. அது ஆண்டவர் சித்தம். விழுந்த பிறகு "சீட்டச் சரியா மடிக்கல" என்று இழுக்கிறவனை யாரும் மனுஷனாக மதிக்கமாட்டார்கள், படகிலும் சேர்க்கமாட்டார்கள்.

இவரும் இவருடைய அண்ணனும் அப்பா வீட்டைப் பங்கு வைத்தபோது இவருக்குப் பின்கட்டு விழுந்தது. பின்கட்டுக்குத் தனி வாசல் கிடையாது. அண்ணனுக்கே பாவமாகிவிட்டது. "ஏலே, சீட்டு சரியா குலுங்கல போல, இன்னொரு தடவ போட்டுருவோம்" என்றார். "என்னப் பாத்து ஒருத்தரும் எரக்கப்பட வேண்டாம்" என்று இவர் சொல்லிவிட்டார். நல்ல மனுஷன். அந்த நல்ல மனுஷனுக்கு வாக்கப்பட்ட பாவத்துக்கு, இன்றைக்கும் நான் அண்ணன் பொண்டாட்டியின் தோசைக்கல்லைத் தாண்டித்தான் ஆபீஸுக்குப் போகிறேன்.

அந்தப் பிள்ளை லேப்டாப்பைத் திறந்தாள். இவர் "கொஞ்சம் இரு தாயி" என்று சொல்லி, எழுந்து நின்று சிலுவை போட்டு, அருள் நிறைந்த மரியே சொல்ல ஆரம்பித்தார். அவளுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை, அவளும் எழுந்து நின்றாள். பக்கத்தில் இருந்த பலசரக்குக் கடை அண்ணாச்சி, உடன்குடிப் பக்கத்துக்காரர், அவரும் அதே ஆபரேஷனுக்கு வந்து அடுத்த குலுக்கலுக்குக் காத்திருந்தவர், மரியாதைக்குச் செருப்பைக் கழற்றினார். ஆமென் ஆனதும் பிள்ளை பட்டனைத் தட்டினாள். இவருக்குக் கருவி இல்லாத பக்கம் விழுந்தது.

அண்ணாச்சிக்குக் கருவி விழுந்தது. போலீஸ்காரன் கொடுத்த அபராத ரசீதை வாங்குகிற மாதிரி அதை வாங்கினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டாக்டர் நுரையீரல் நுரையீரல் என்று சொல்கிறார், சீட்டு இப்படி விழுகிறது. வரும் வழியிலேயே மெடிக்கலில் அதே மாதிரி ஒன்று வாங்கிவிட்டேன். கண்டெய்னரில் எது உள்ளே வரலாம், எது கூடாது என்பது என் பிழைப்பு. ஒரு பிளாஸ்டிக் குழாய் வீட்டுக்குள் வருவதை யார் தடுப்பது என்று நினைத்தேன். அவர் தடுத்தார்.

"இது என்னது?"

"மூச்சு இழுக்கிற சாமான். எல்லாக் கடையிலயும் விக்குது. இழுங்க."

"நமக்கு விழல."

"விழாட்டி என்ன, நான் வாங்கிட்டு வந்தேன்."

"ஏளா, அடுத்தவனுக்கு விழுந்தத எடுத்தா அதுக்குப் பேரு களவு."

அந்தப் பிள்ளைக்குப் போன் போட்டேன். நாங்களாக வாங்கிச் செய்தால் தப்பா என்று கேட்டேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நாங்க தடுக்க மாட்டோம்க்கா. ஆனா செஞ்சா எங்ககிட்ட சொல்லிருங்க" என்றாள். ஸ்பீக்கரில் போட்டதுதான் நான் செய்த முட்டாள்தனம். "பாத்தியா, சொல்லணுமாம்" என்றார் இவர். "களவு இல்லன்னா எதுக்குச் சொல்லணும்?" கருவியை அலமாரி மேல் ஏற்றி வைத்தார். ஆபரேஷனுக்குப் புறப்படுகிற நாள் வரை அது அங்கேயே ஒரு மாதா சுரூபம் மாதிரி உட்கார்ந்திருந்தது.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. டாக்டர் வெளியே வந்து, ரத்தம் அருமையாக ஓடுகிறது என்றார். கோயிலுக்கு ஆளுயர மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டேன். மறுநாள் மூச்சுக்காகத் தொண்டையில் போட்டிருந்த குழாயை எடுத்துவிட்டார்கள், பேசினார். முதல் பேச்சு, "அண்ணாச்சி எப்படி இருக்காரு?" அண்ணாச்சிக்கும் அதே நாளில்தான் ஆபரேஷன், இரண்டு கட்டில் தள்ளிப் படுத்திருந்தார். நன்றாக இருந்தார்.

மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுக்கிற தம்பி காலையில் வந்து இவர் கையில் மூன்று பந்துக் கருவியைக் கொடுத்தான். இவர் அதை மெதுவாகக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். தலையணையை நெஞ்சோடு அணைத்து இருமச் சொன்னான். இருமவில்லை. வலிக்கிறது போல என்று நினைத்து வலிக்கு மருந்தைக் கூட்டினார்கள். மத்தியானமும் அதேதான். வலிக்குதா என்று கேட்டால் இல்லை என்று தலையாட்டினார். பிறகு ஏன் என்றால் வாயைத் திறக்கவில்லை. வந்தவர்களுக்குத் தொந்தரவு கொடுக்காமல், மேலோட்டமாக, சின்னச் சின்னதாக மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தார். காய்ச்சல் ஏறியது. ஆக்ஸிஜன் இறங்கியது. எக்ஸ்ரேயில் இடது நுரையீரல் அடியில் சுருங்கிப்போயிருக்கிறது என்றார்கள்.

அவரைப் பார்க்க என்னை உள்ளே விட்டபோது கேட்டேன். என்னிடம் சொல்லிவிட்டார். "நமக்கு மூச்சுக்கு ஒண்ணும் செய்யக் கூடாதுன்னு விழுந்திருக்கு. இவங்களுக்கு அது தெரியாது போல. நான் சொல்லி அந்தத் தம்பிக்கு ஏன் கெட்ட பேரு வாங்கித் தரணும்?"

ஓடிப்போய் டாக்டரையும் அந்தப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்தேன். டாக்டர் சொன்னார், சீட்டு ஆபரேஷனுக்கு முன்னாடி உள்ளதுக்கு மட்டும்தான், இப்போது எல்லாருக்கும் இது உண்டு என்று. பிள்ளை கையெழுத்துப் போட்ட காகிதத்தையே எடுத்து வந்து வரி வரியாக வாசித்தாள். அவர்கள் சொல்லச் சொல்ல இவர் முகம் இறுகிக்கொண்டே போனது. எனக்கு அந்த முகம் தெரியும். அண்ணன் "இன்னொரு தடவ போட்டுருவோம்" என்று சொன்ன நாளில் பார்த்த முகம்.

அவர்கள் போனதும், "பாவப்பட்டுச் சொல்லுதாங்க" என்றார். "தோத்தவன் மூஞ்சியப் பாத்தா எல்லாருக்கும் ஒரு சட்டம் ஞாவகம் வரும்."

"ஆராய்ச்சியே வேண்டாம், வெலகிருங்க" என்றேன்.

"பேரு குடுத்துட்டு வெலகுறதா?"

நான் கையெழுத்துப் போட்டு விலக்கிவிடலாமா என்று பிள்ளையிடம் கேட்டேன். அவர் நினைவோடு இருக்கும்போது அவர்தான் சொல்ல வேண்டும் என்றாள். சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கியது. அவளைத் திட்டலாம் என்று வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டேன்.

இதற்கிடையில் வராந்தாவில் அண்ணாச்சி நடை பழகிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நின்று, "தங்கச்சி, ஒரு விஷயம் சொல்லுதேன், யாருட்டயும் சொல்லாதீங்க. அந்தச் சாமான வீட்டுக்குக் கொண்டுபோன நாள்லருந்து நான் வாயில வச்சதே இல்ல. கல்லாப் பக்கத்துல கெடந்துச்சு. சரக்கு வாங்க வாரவன் எல்லாம் ஒரு ஊது ஊதிட்டுப் போனான்" என்றார். உள்ளே இழுக்க வேண்டியதை ஊதியிருக்கிறார்கள். அவருக்குச் சளி இல்லை, காய்ச்சல் இல்லை, இட்லி கேட்டுச் சாப்பிடுகிறார். அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை என்று சொன்னால் பொய்.

மறுநாள் மூச்சு இன்னும் மோசமானது. இப்படியே போனால் திரும்பவும் குழாய் போட வேண்டி வரும் என்றார் டாக்டர். நான் உள்ளே போனேன். ஐ.சி.யு.வில் கத்தக் கூடாது என்பதால் வாழ்க்கையில் முதல் தடவையாக மெதுவாகச் சண்டை போட்டேன்.

"இந்தா பாருங்க. அந்தச் சீட்டுல உங்க பேருதான் இருந்துச்சு, என் பேரு இல்ல. உங்களுக்கு விழுந்தது உங்களோட. நான் எதுக்கும் சம்மதிக்கல. எனக்கு நீங்க வேணும். நீங்க போயிட்டா நான் யாருகூடச் சண்ட போட, அந்தக் கம்ப்யூட்டர்கூடயா?"

அவர் ஆக்ஸிஜன் மாஸ்க்கை விலக்கிவிட்டுக் கேட்டார்.

"களவுன்னாலும் பரவால்லயா?"

"பரவால்ல."

"பாவம் உனக்கு வரும்."

"வரட்டும். எனக்கே இருக்கட்டும்."

கையை நீட்டினார். கருவியை எடுத்துக் கொடுத்தேன். குழாயை வாயில் வைத்து இழுத்தார். முதல் பந்து கொஞ்சம் அசைந்து, பாதி ஏறி, விழுந்துவிட்டது. மற்ற இரண்டும் அசையவே இல்லை. இன்னொரு தடவை இழுத்தார். அதேதான். கருவியைத் திருப்பிப் பார்த்தார், எங்கேயாவது அடைத்திருக்கிறதா என்று. அடைக்கவில்லை. அந்தப் பார்வையை நான் பார்த்திருக்கக் கூடாது.

இருமல் வந்து அடங்கியதும் சொன்னார். "அந்தப் பிள்ளகிட்ட சொல்லிரு. நான் எடுத்தேன்னு. மறைக்கக் கூடாது."

அன்று சாயங்காலமே மறுபடியும் குழாய் போட்டார்கள். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. நிமோனியா இரண்டு பக்கமும் பரவி, அந்த வாரம் முடிவதற்குள் போய்விட்டார். டாக்டர் என்னிடம், "இதயம் கடைசி வரைக்கும் நல்லா வேலை செஞ்சதும்மா" என்றார். எனக்கு அது ஆறுதலாக இல்லை. டாக்டருக்கு அது ஆறுதலாக இருந்த மாதிரி தெரிந்தது, அதனால் சரி என்றேன். முதலிலேயே பயிற்சி செய்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். சொல்ல முடியாது, செய்தவர்களுக்கும் இப்படி வருகிறது, அதைத் தெரிந்துகொள்ளத்தானே ஆராய்ச்சி என்றார். உண்மையைத்தான் சொன்னார். ஆனாலும் அவரை அடிக்க வேண்டும் போலிருந்தது.

அடக்கத்துக்கு அண்ணாச்சி வந்திருந்தார். ஆபரேஷன் ஆன உடம்போடு கல்லறைத் தோட்டம் வரை நடந்து வந்தார். கொஞ்சம்கூட மூச்சு வாங்கவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்து சில நாள் கழித்து அந்தப் பிள்ளை வீட்டுக்கு வந்தாள். அண்ணன் வீட்டு அடுக்களை வழியாகத்தான் அவளையும் கூட்டி வந்தேன். தண்ணீர் குடித்தாள். இவரைப் பற்றி அவர்கள் எழுதி வைத்திருப்பதை ஆராய்ச்சியில் வைத்துக்கொள்ளலாமா, வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம் என்றாள்.

வாசற்படியில் நின்ற அவர் அண்ணன், "எடுத்துரும்மா. எங்க தம்பி பேரு அங்க வேண்டாம். சீட்டுப் போட்டுக் கொன்னுட்டீங்க" என்றார். அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டாள்.

அவர் உயிரோடு இருந்தபோது அதிலிருந்து அவரை எப்படியாவது வெளியே இழுத்துவிட வேண்டும் என்று ஆஸ்பத்திரி முழுக்க அலைந்தவள் நான். "இருக்கட்டும்" என்றேன். "எந்தப் பக்கம் விழுந்துச்சோ அங்கனயே இருக்கட்டும். மாத்திராதீங்க."

"மாத்த மாட்டோம்க்கா. யாரு என்ன செஞ்சாலும், செய்யாட்டியும், விழுந்த பக்கத்துலதான் கடைசி வரைக்கும் கணக்கு."

அண்ணன் உள்ளே போய்விட்டார். நான் அவளிடம், அவர் சொல்லச் சொன்னதைச் சொன்னேன். கடைசியில் அந்தக் கருவியை எடுத்தார், நான்தான் எடுக்க வைத்தேன், மறைக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார் என்றேன்.

"ஐயோ அக்கா, அது எல்லாருக்கும் உள்ளதுதானே" என்று சொல்லி அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, அது பிறகு வந்தது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சங்கு குளிக்கிறவங்கன்னு எழுதும்போதே நெனச்சேன், ஒரே இழுப்புல மூணு பந்தையும் ஏத்திருவாங்கன்னு" என்றாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"எத்தன ஏத்துனாங்க?"

"மூணும்" என்றேன்.